எல்லா அட்டையிலும் ஒரே முத்திரை

போன வருஷம் மழை தொடங்குவதற்குச் சற்று முன், புனேயில் நாங்கள் குடியிருக்கும் கட்கியில் நடந்தது இது. நான் சொல்லச் சொல்ல என் மனைவி எழுதுகிறாள். எனக்கு என் பெயரை மட்டும் எழுதத் தெரியும். பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை. அதை இந்த ஊரில் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாமல் நாற்பது வருஷம் காப்பாற்றி வைத்திருந்தேன்.

எங்களிடம் ஒரு பழைய சின்னக் கார். ஓட்டினால் இடது பக்கமே இழுத்தது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் முன்னால் 'கடக் கடக்' என்று சத்தம். சக்கரங்களை நேராக்கும் வீல் அலைன்மென்ட் கடை ஒன்று புதிதாகத் திறந்திருந்தது, அங்கே கொண்டுபோய் விட்டேன். முதலாளி கம்ப்யூட்டரில் பச்சைக் கோடெல்லாம் காட்டினான். பிறகு வண்டிக்குச் செய்த வேலையைக் குறித்த ஒரு அட்டையை நீட்டி, விரல் வைத்த இடத்தில் கையெழுத்து கேட்டான். போட்டேன். நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் வாராவாரம் பாதுகாப்புப் பதிவேட்டில் அப்படித்தான் போடுவோம். மேஸ்திரி விரல் வைப்பார், வரிசையாகப் போட்டுவிட்டு டீக்கு ஓடுவோம். அந்த டீயில் இஞ்சி தூக்கலாக இருக்கும். அது கிடக்கட்டும்.

"ஏக்தம் ஓகே, அண்ணா" என்றான். எல்லாம் சரியாம். இந்த ஊரில் தமிழன் என்றால் எண்பது வயதானாலும் அண்ணாதான்.

ஸ்டியரிங் நேராக நின்றது. சத்தம் மட்டும் போகவில்லை. "என்னங்க, இன்னும் கடகடங்குதே?" என்றாள் மனைவி.

"மிஷினே சரின்னு சொல்லிடுச்சு, நீ சும்மா இரு" என்றேன்.

நான்காம் நாள், தாபோடிப் பாலத்தை விட்டு இறங்கித் திரும்பும்போது வண்டியின் முன்பக்கம் டமாரென்று தரையில் உட்கார்ந்தது. இடது சக்கரம் மடங்கிக் கிடந்தது. பின்னால் வந்த லாரி ஒரு கை தூரத்தில் நின்றது. அந்த இடது பக்கம்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். இறக்கிவிட்ட பிறகும் சாப்பாட்டுத் தூக்கை இறுக்கிப் பிடித்த பிடியை அவள் விடவில்லை. வழியில் போன ஒரு மெக்கானிக் குனிந்து பார்த்தார். முன்பக்க சஸ்பென்ஷனில் சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயிண்ட் தேய்ந்து கழன்றுவிட்டதாம். சக்கரத்தைப் பிடித்து ஆட்டியிருந்தாலே தெரிந்திருக்குமாம்.

ஆட்டோ பிடித்து நேராக அந்தக் கடைக்குப் போனோம். கத்தினேன். அவன் அலட்டிக்கொள்ளாமல் என் அட்டையை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி இந்தியில் படித்தான்.

"'முன்பக்க சஸ்பென்ஷன் வேலை செய்யச் சொன்னோம், வண்டிக்காரர் வேண்டாம்னுட்டார்.' கீழ இருக்கிறது யார் கையெழுத்து, அண்ணா?"

காத்திருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். என் மனைவியும் பார்த்தாள். அவன் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை.

தொழிற்சாலையில் என் வேலை, பெட்டிகளில் அடித்த முத்திரையை மாதிரியோடு ஒத்துப் பார்ப்பது. எழுத்து தெரியாவிட்டாலும் கண் ஏமாறாது. அவன் படித்த வரி பேனாவால் எழுதியதல்ல. ஊதா மையில் அடித்த ரப்பர் முத்திரை, வலது ஓரம் உடைந்தது. மேஜைமேல் கிடந்த மற்ற அட்டைகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே முத்திரை, அதே உடைப்பு.

"எனக்குப் படிக்கத் தெரியாது! அதான் போட்டேன்" என்று கத்தினேன். "நீங்கல்லாம் படிச்சவங்கதானே? உங்க அட்டைய எடுத்துப் படிங்க. நீங்களும் வேண்டாம்னா சொன்னீங்க?"

ஒரு பெண் தன் அட்டையை எடுத்துப் படித்தார். "என்கிட்ட யாரும் எதுவும் கேக்கலையே! வண்டிய மேல தூக்கு, நானே பாக்கிறேன்" என்று அவரும் சத்தம் போட்டார். அடுத்து இன்னொருவர். முதலாளி மேஜைமேல் கிடந்த மற்ற அட்டைகளை அவசர அவசரமாக அள்ளினான்.

திரும்பும்போது, "நாப்பது வருஷ ரகசியத்தை நடுக்கடையில போட்டு உடைச்சிட்டீங்களே" என்று மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்றும் அந்தக் கடையைத் தாண்டினால் கோபம் வருகிறது. ஆனால், யாரிடமாவது 'படித்துச் சொல்லு' என்று கேட்க நான் பட்ட வெட்கத்துக்காக, அவள் உட்கார்ந்திருந்த பக்கத்துச் சக்கரத்தைப் பணயம் வைத்தேனே என்று நினைக்கும்போது, அதில் பாதிக் கோபம் என்மேலேயே திரும்பிவிடுகிறது.