ஒஸ்மாராவின் அணையாத மெஷின்

சியென்ஃபுவேகோஸ் நகரில் ஒஸ்மாரா தன் வீட்டு முன்னறையில் நடத்தும் கணினிக் கடைக்கு வராத பென்டிரைவ் இல்லை, அதோடு வராத வைரஸும் இல்லை. அதனால்தான் கணினியில் விண்டோஸை எடுத்துவிட்டு, வைரஸ் எளிதில் தொற்றாத லினக்ஸைப் போட்டாள். கரண்டு போனாலும் அணையாதபடி ஒரு லாரி பேட்டரியையும் மாட்டிவிட்டாள். "தெருவே இருட்டுல கெடந்தாலும் என் மெஷின் தூங்காது" என்று எத்தனை தடவை சொன்னாலும் அவளுக்கு வாய் வலிக்காது.

அந்த மெஷின்தான் நேற்றிலிருந்து ஸ்கேனரே இல்லை என்று சாதித்தது. பக்கத்து வீட்டு நெரெய்தா, ஸ்பெயினிலிருந்து வந்து குடியேறிய தன் தாத்தாவின் ஞானஸ்நானச் சான்றிதழோடு எதிரே உட்கார்ந்திருந்தாள். இன்று மாலைக்குள் அது ஸ்கேன் ஆகி ஸ்பெயின் தூதரகத்துக்குப் போனால்தான் அவளுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்து, அங்கே இருக்கும் மகனிடம் போய்ச் சேர வழி பிறக்கும். பேரனை அவள் இன்னும் கையில் தூக்கியதில்லை. சான்றிதழைப் போனில் படமெடுத்து அனுப்பியதைத் தூதரகம் ஏற்கவில்லை.

"ஒயர மாத்திப் பாரேன்டி."

"மாத்தியாச்சுக்கா. வேற எடத்துல சொருகியும் பாத்தாச்சு. யுஎஸ்பி பட்டியல்ல ஸ்கேனர் பேரு இருக்கு. ஆனா ஸ்கேன் பண்ணப் போனா எதுவுமே இல்லங்குது. ஸ்கேனரத் தொட உரிமை உள்ளவங்களோட என் பேரையும் நேத்தே சேத்துட்டேன்."

"ஒருவாட்டி அணைச்சுதான் போடேன்."

"பேரச் சேக்கச் சொன்ன குறிப்புலயும் அப்படித்தான் எழுதியிருக்கு. அதெல்லாம் விண்டோஸ்காரங்க பண்ற வேலக்கா. லினக்ஸுக்கு எதுக்கு?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவளிடம் யார் பேசுவது?

நண்பகலில் கரண்டு போனது. ராத்திரி முழுக்க ஒஸ்மாரா மின்விசிறியை அந்த பேட்டரியில்தான் ஓட்டியிருந்தாள். சற்று நேரத்தில் பேட்டரியும் கையை விரிக்க, திரை கறுத்தது.

"போச்சு" என்றாள் நெரெய்தா. திட்டியிருந்தாலாவது தேவலை. ஒஸ்மாராவுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூசியது.

வெகுநேரம் கழித்து, "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று தெருவே கத்தியது. மெஷின் முக்கி முனகி எழுந்தது. ஒஸ்மாரா கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே நுழைந்து ஸ்கேன் நிரலைத் திறந்தாள். ஸ்கேனரின் பெயர் திரையில் இருந்தது.

"அடிப் பாவி மெஷினே! அணஞ்சு மறுபடி உள்ள வந்தாத்தான் சேத்த பேரு செல்லுமா? அதத்தானே எழுதியிருந்தான்!"

"எழுதினத விடு. நான் சொன்னேனேடி!"

"சொன்னீங்க, சொன்னீங்க. பேப்பரக் குடுங்க."

சான்றிதழ் போனது. கிடைத்துவிட்டது என்று பதிலும் வந்தது. ஒஸ்மாராவுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. நெரெய்தா அவள் கன்னம் இரண்டிலும் முத்தமாகப் பொழிந்துவிட்டு, மகனுக்குப் போன் போட வீட்டுக்கு ஓடினாள்.

சுவருக்கு அப்பால் நெரெய்தா அழுவதும் சிரிப்பதும் கேட்டது. ஒஸ்மாராவும் தனியாகச் சிரித்தாள். நெரெய்தா மகனிடம் போய்விட்டால் இந்தச் சத்தம் இனி கேட்காது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.