ஐந்துக்கு இரண்டு

அப்பாவுக்கு அந்தமானில் ஒரு சிநேகிதர் இருந்தார். பன்னிரண்டு வருடப் பழக்கம். ஆனால் இருவரும் நேரில் பார்த்ததில்லை, ஒருவர் குரலை மற்றவர் கேட்டதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வானொலியில் புள்ளியும் கோடுமாக மோர்ஸ் தட்டிப் பேசிக்கொள்வார்கள். அவர் தமிழர், கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அப்பாவைவிட மூத்தவர். இவ்வளவு தெரிந்தது போதாதா? நான் அவரை அந்தமான் பெரியப்பா ஆக்கிக்கொண்டேன்.

அப்பா குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட் ஆபீசில் கிளார்க். வீட்டிலிருந்தே வானொலியில் பேசப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியிருந்தார். குவார்ட்டர்ஸின் பின்னறையில் இருந்த வானொலிப் பெட்டிகள் எல்லாம் அவர் கையால் கட்டியவை. கூரையிலிருந்து சில்வர் ஓக் மரத்துக்கு ஏரியல் கம்பி போகும். மனுஷர் வீட்டில் பேசுவது குறைவு. வாரம் முழுக்க எங்களோடு பேசியதைவிட ஞாயிறு ஒரு மணி நேரத்தில் தட்டியது அதிகம் என்று அம்மா சொல்வாள். அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அந்தமானிலிருந்து வரும் மோர்ஸில் பிழை விழ ஆரம்பித்தது. மூன்று புள்ளி வர வேண்டிய இடத்தில் நான்கு வந்தது. அப்பா எழுதிக்கொண்டே வருவார், நிறுத்துவார், அடித்துத் திருத்துவார். ஒன்றும் கேட்கவில்லை. தன் தட்டலை மட்டும் மெதுவாக்கினார், அவரும் மெதுவாகத் தட்டட்டும் என்று. ஆறேழு மாதத்தில் ஒரு வார்த்தைக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு ஒரு ஞாயிறு, கை ஒத்துழைக்கவில்லை, இனிமேல் வாயால்தான் என்று செய்தி வந்தது. அதை அப்பா எழுதி முடிக்க வெகுநேரம் பிடித்தது.

“போன் நம்பர் கேட்டு வாங்கிக் கூப்பிட்டாப் போச்சுங்களே” என்றாள் அம்மா. எஸ்டேட்டுக்கு அப்போது செல்போன் டவர் வந்துவிட்டது.

அப்பா யோசித்துச் சொன்னார். “போன்ல கூப்பிட்டா ஒடம்பு எப்படி இருக்குதுன்னு கேக்கோணும். அவரும் சொல்லோணும்.”

பேசுவதற்கென்று அப்பாவிடம் சின்ன செட்டு ஒன்று இருந்தது. அதன் சக்தி கோயமுத்தூர் வரைக்கும்தான். கடல் தாண்ட வேண்டுமானால் ஆம்ப்ளிஃபையர் சேர்த்து அதைப் பெருக்க வேண்டும். பழைய ஸ்டெபிலைசர் பெட்டிக்குள் பல்புபோல் எரியும் இரண்டு வால்வுகள் வைத்து அப்பா கட்டியிருந்த ஆம்ப்ளிஃபையர் மோர்ஸுக்கானது. இரண்டையும் இணைத்துப் பேசிப் பார்த்தபோது கோயமுத்தூர்க்காரர் ஒருவர், “உங்க குரல் நறுக்கி நறுக்கி வருதுங்க” என்றார்.

ஏன் என்று கேட்டேன். “மோர்ஸுக்கு உண்டு, இல்லைங்கற ரெண்டு போதும் பாப்பா. நடுவுல வால்வு தூங்கிக்கும். பேச்சுல மெல்லிசாவும் வரும், சத்தமாவும் வரும். எல்லாத்துக்கும் அது முழிச்சிருக்கோணும்.”

வால்வை முழிக்க வைக்க மூன்று ஞாயிறு ஆயிற்று. அதற்குக் கொடுக்கும் பயஸ் மின்னழுத்தத்தை மாற்றினார். சும்மா இருக்கும்போதும் வால்வில் கொஞ்சம் கரண்ட் ஓடும்படி செய்தார். அதனால் பெட்டி சுட்டது, ஒரு ஃபேன் வைத்தார். உள்ளே ஆயிரம் வோல்ட்டுக்கு மேல். சோதித்துப் பார்க்கும்போது அம்மா காய்ந்த மரத்துடுப்போடு வாசலில் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. அப்பாவைக் கரண்ட் பிடித்தால் கையில் ஓங்கி அடித்து விலக்க வேண்டும். பொரியல் கருகினாலும் அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

நான்காவது ஞாயிறு கோயமுத்தூர்க்காரர் குரல் நன்றாக இருக்கிறது என்றார். அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு அப்பா தலையை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வெளியே மேகம் இறங்கி மரமே தெரியவில்லை. மைக்கைப் பிடித்து அந்தமானைக் கூப்பிட்டார். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

வாத்து கத்துவதுபோல் இருந்தது. நான் சிரித்துவிட்டேன். எனக்கு விஷயம் தெரியும். சிங்கிள் சைட்பேண்ட் என்ற அந்த முறையில் குரலின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்புவார்கள். விட்டதைக் கேட்கிறவரின் செட்டு சேர்த்துக்கொள்ளும். குமிழ் மயிரிழை தப்பினால் குரல் வாத்தாகிவிடும். அப்பா குமிழைத் திருப்பினார். வாத்து போய் மனுஷக் குரல் வந்தது. ஆனால் வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டி, வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் குழைந்து வந்தன. அப்பா இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். மறுபடி முதல் இடத்துக்கே வந்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

“இன்னுங் கொஞ்சம் திருப்புங்கப்பா” என்றேன்.

“இல்ல பாப்பா. இதுதான்.”

அந்தக் குரல் “சார், கேக்குதா” என்று கேட்டது. அது மட்டும் எனக்குப் புரிந்தது.

“நல்லாக் கேக்குதுங்க சார். அஞ்சுக்கு அஞ்சு” என்றார் அப்பா.

எதிரில் இருப்பவர் பேசுவது எவ்வளவு புரிகிறது என்பதற்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை மார்க் போடுவார்கள். மற்றவர்களுக்கு நாலு போடவே யோசிக்கிற அப்பா ஐந்து போட்டார். அதன்பின் இரண்டு பேருக்கும் பேச அதிகம் இருக்கவில்லை. மழையா என்று இவர் கேட்டார். அவர் ஏதோ சொன்னார். “ஆமாங்க சார்” என்றார் அப்பா. பத்து நிமிடத்தில் முடிந்தது. பேச்சு விவரங்களை எழுதும் நோட்டிலும் ஐந்து என்றே எழுதிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் வெகுநேரம் நின்றார்.

நான் சமையலறைக்குப் போய், “அப்பா பொய் சொல்லிட்டாரும்மா, அவருக்கு ஒண்ணுமே புரியல” என்றேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்பா இருந்த பக்கம் போனாள். நான் திரும்பி வந்து, நோட்டில் அப்பா எழுதிய ஐந்தை அடித்துவிட்டு இரண்டு என்று என் பேனாவால் திருத்தினேன். பள்ளிக்கூடத்தில் உண்மை பேசுவதற்காகப் பரிசு வாங்கியவள் நான்.

அடுத்த ஞாயிறு நோட்டைத் திறந்த அப்பா அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நீயா எழுதினே?”

“ஆமாங்கப்பா. நீங்க தப்பா எழுதிட்டீங்க.”

“சரி” என்றார். என்னை அடிக்கவில்லை, நான் எழுதியதை அழிக்கவும் இல்லை. தப்பை ஒப்புக்கொண்டார் என்று எனக்குப் பெருமை.

ஆனால் அன்றும் ஐந்துதான் போட்டார். அதற்கடுத்த வாரமும். வாராவாரம் குரல் இன்னும் குழைந்தது, பேச்சு ஐந்து நிமிடமாயிற்று, இரண்டு நிமிடமாயிற்று. அப்பா ஐந்தை விடவில்லை. சொல்லிக் கொடுத்தாலும் திருந்தாதவர் என்று விட்டுவிட்டேன்.

பனி விழத் தொடங்கிய மாதத்தில் ஒரு ஞாயிறு அந்தமானிலிருந்து பதில் வரவில்லை. அப்பா பதினொன்றரை வரைக்கும் கூப்பிட்டார். வால்வுகள் எரிந்துகொண்டிருந்தன, ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா வந்து பக்கத்தில் நின்றாள். கடைசியில் அப்பா நோட்டில் தேதி எழுதினார், நேரம் எழுதினார், மூடி வைத்துவிட்டு எழுந்து போனார்.

நான் எடுத்துப் பார்த்தேன். மார்க் போடுகிற கட்டத்தை வெறுமனே விட்டிருந்தார். இந்த வாரம்தான் அப்பா சரியாக எழுதியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.