தெம்பான குட்டி

பன்றிக்குட்டிகளின் குடலை அறுத்து நோய் கண்டுபிடிப்பது என் பிழைப்பு. மேடவாக்கத்தில் நான் தனியாகக் குடியிருக்கும் அடுக்ககத்தில் இதை யாரிடமும் சொல்வதில்லை. லிஃப்டில் கேட்டால் "லேப்ல வேலை" என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கும்.

கூடுவாஞ்சேரிப் பக்கம் பன்றி வளர்க்கும் ஒரு அம்மா போன் செய்தார். பிறந்து பத்து நாள் ஆன குட்டிகள். மஞ்சளாக, தண்ணீர் தண்ணீராகக் கழிச்சல். நான்கு செத்துவிட்டன, ஏழு மிச்சம். செத்த நான்குக்கும் கடையில் கேட்டு வாங்கிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தாராம், கேட்கவில்லை. செத்ததைக் கொண்டுவந்து பிரயோஜனமில்லை, குடல் சீக்கிரம் அழுகிவிடும் என்றேன். "மருந்தே குடுக்காத குட்டி ஒண்ணை உயிரோட கொண்டு வாங்கம்மா." எதற்கு உயிரோடு என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் தாம்பரத்தில் எங்கள் லேபுக்கு, கூடையில் துண்டு சுற்றி எடுத்துவந்தார். குட்டிக்குக் கழிச்சல் இருந்தது, ஆனால் கண்ணில் துறுதுறுப்பு போகவில்லை.

"இருக்கறதுலயே தெம்பா கீறது இதான் சார். வழியில செத்துடக் கூடாதுன்னு பாத்து எடுத்தாந்தேன். ஊசி போட்டுக் குடுங்க, இட்டுகினு போறேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இதை அறுத்துப் பார்த்தால்தான் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரியும், மற்ற ஆறையும் காப்பாற்றலாம் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் கூடையை மடியோடு இழுத்துப் பிடித்துக்கொண்டார். பிறகு குட்டியைக் கூடையோடு மேசைமேல் வைத்து, துண்டை மட்டும் உருவிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

குடல் முழுக்கத் தண்ணீர். சுவர் வெங்காயத் தோல்போல மெலிந்திருந்தது. ஆறு குட்டிகளுக்கும் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைப் புகட்டச் சொல்லிவிட்டு, கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்த்தேன். கடை மருந்துக்கு அது அசையவில்லை, வேறொன்றுக்கு அடங்கியது. மூன்றாம் நாள் அந்த மருந்தின் பெயரைப் போனில் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து போன் இல்லை. குட்டி பிழைத்துவிட்டால் யாரும் எங்களைக் கூப்பிடுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேச ஆளில்லாமல், நானே கூப்பிட்டேன்.

"ஆறும் நல்லா கீது சார்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தாய்ப்பன்றி எப்படி, கொட்டகை காய்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனேன். அடுத்த ஞாயிறும் கூப்பிட்டேன்.

"தப்பா நெனைக்காதீங்க சார். உங்க நம்பரைப் பாத்தாலே இன்னொரு குட்டி கேப்பீங்களோன்னு பயமா கீது. இனிமே போன் பண்ணாதீங்க."

"சரிம்மா" என்றேன். அன்று வேறு யாரிடமும் பேசவில்லை.