டயருக்குள் போன அரைஞாண் கயிறு

மோட்டார் சைக்கிளில் முதன்முதலாக ஏறியவன், அது எவ்வளவு வேகமாகப் போனது என்று சொல்லிப் பெருமைப்படுவான். அது நின்றுபோன இடத்தைத்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

யுத்தத்துக்கு முந்திய காலம். மல்லசமுத்திரத்துக்கு மேற்கே நாலு மைல் தள்ளி எங்கள் காடு. பக்கத்துக் காட்டுக்காரர் தட்டைப்பயிர் போட்டிருந்தார். நடுவில் இருந்த வேலியில் ஒரு சந்து விழுந்திருந்தது. அதை அடைக்க ஏரிக்கரையில் வெள்வேல முள் வெட்டி, பெரிய கட்டாகக் கட்டி, எருது இரண்டையும் பூட்டி ரோட்டோடு இழுத்து வந்தேன். காட்டுக்கு வந்து எருதுகளை அவிழ்த்துவிட்டபோது நல்ல பசி. முள்ளைப் போட்டுவிட்டுச் சாப்பிடலாம், சாப்பிட்டுவிட்டு முள்ளைப் போடலாம் என்று இரண்டு வழி இருந்தது. நான் எந்த வழியில் போனேன் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கையைக் கழுவிவிட்டுத் திரும்பினால் வலத்து எருது சந்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. காலை ஈரம் காயாத தட்டைக் கொடியை வயிறு முட்ட மேய்ந்திருக்கிறது. இழுத்து வந்து கட்டிய கொஞ்ச நேரத்தில் இடப்பக்கம் வயிறு தவில்போல ஏறிவிட்டது. என் மனைவி மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றிப் புகட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

எங்களுக்கு இருந்தது அந்த ஒரு ஜோடிதான். ஆடி உழவு தொடங்கும் நேரம். ஒன்று செத்துப்போனால் நுகத்தின் மறுபக்கம் நான்தான் கழுத்தைக் கொடுக்க வேண்டும். மிச்சமிருக்கிற எருதுக்கு அது பெரிய கௌரவக் குறைச்சல்.

வாரத்தில் ஒருநாள் மல்லசமுத்திரத்துக்கு மாட்டு டாக்டர் வருவார். அன்று அந்த நாள். இருபுறமும் வேலி நிற்கும் இட்டேரித் தடத்தில் குறுக்கே ஓடி அவர் முன்னால் போய் விழுந்து விஷயத்தைச் சொன்னேன்.

டாக்டர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். ஒரு காளை உதைத்ததில் அவருக்கு வலது முழங்கால் மடங்காது. நடந்தால் நூறடிக்கு ஒருமுறை நிற்பார். அதனால்தான் யாரோ ஓட்டிக் கழித்த மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வைத்திருந்தார்.

"எவ்வளவு நேரம் மேஞ்சுது?"

"நான் ரெண்டு வட்டில் சோறு திங்கற நேரமுங்க சாமி."

"அப்ப நிறையத்தான் தின்னிருக்கும். ஏறுப்பா."

பின்னால் பெட்டி வைக்கிற கம்பிமேல் உட்கார்ந்து அவரைக் கட்டிப்பிடித்தேன். வண்டி கிளம்பியதும் கண்ணை மூடிக்கொண்டேன்.

"விலாவை விடுப்பா, மூச்சு முட்டுது."

"உட்டா உழுந்துருவனுங்க சாமி."

ஏரிக்கரையைத் தாண்டியதும் வண்டியின் பின்பக்கம் நாய் வாலாட்டுவதுபோல ஆட ஆரம்பித்தது. டாக்டர் நிறுத்தி இறங்கினார். பின்சக்கரம் சப்பையாகிக் கிடந்தது. அவர் குனிந்து டயரிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு முள்ளைப் பிடுங்கினார். வெள்வேல முள். ரோட்டுப் புழுதியில் சீப்பு வைத்துச் சீவினதுபோல இடது ஓரமாக ஒரு தடம் மேற்கே போனது. அது எங்கே போய் முடிகிறது என்று எனக்குத் தெரியும்.

"எந்தப் புண்ணியவான் இப்படி ரோட்டுல முள்ளை இழுத்துட்டுப் போனான்னு தெரியலியே."

"அவன் கண்ணு அவிஞ்சு போச்சுங்களா சாமி! வண்டி வாசி போற தடமாச்சேன்னு நெனைக்க வேண்டாமுங்களா? அவனெல்லாம் சோத்தைத்தான் திங்கறானுங்களா?"

"என்னைவிட உனக்குக் கோவம் வருதே" என்றார் டாக்டர்.

அந்த முள்ளை அவர் கையிலிருந்து வாங்கித் தூர எறிந்தேன்.

வண்டியைச் சாய்த்து, இரண்டு இரும்புப் பட்டையால் டயரின் ஓரத்தை நெம்பி, உள்ளே இருந்த ரப்பர் ட்யூபை ஒரு முழம் வெளியே இழுத்தார். முள் குத்திய ஓட்டை சிறிதுதான். ஒட்டுப்போடும் பசைக் குழாயை எடுத்துப் பிதுக்கினார். உள்ளே பசை கல்லாகக் காய்ந்திருந்தது. கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஒரு கட்டை வண்டிகூட இல்லை. எங்கள் காட்டுக்கு இன்னும் இரண்டரை மைல். மடங்காத அந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் நடந்து வருவதற்குள் எருதின் கதை முடிந்துவிடும்.

டாக்டர் ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தார். "உனக்குப் பால் கறக்கத் தெரியுமா?"

"எம் பொண்டாட்டி கறப்பாளுங்க. நான் குடிப்பனுங்க."

"சரி, காம்பைப் பிடிக்கிற மாதிரி இந்த ஓட்டையைச் சேர்த்துத் தூக்கிப் பிடி. அடியில இறுக்கிக் கட்டிட்டா உன் ஊர் வரைக்கும் தாங்கும்."

பிடித்தேன். புண் தைக்கிற பட்டு நூலை எடுத்துக் கட்டினார். நூல் மெல்லிசு, இறுக்கினால் ரப்பரையே அறுத்தது. என் துண்டைக் கிழித்துக் கட்டினார். துணி வழுக்கிக்கொண்டு வந்தது.

"கொஞ்சம் முரட்டுக் கயிறா, சாண் நீளம் இருந்தா போதும்" என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

கயிறு என் இடுப்பில் இருந்தது. என் கோவணத்தைத் தாங்கும் அரைஞாண். வருஷக்கணக்கில் எண்ணெயும் வேர்வையும் குடித்து முறுக்கேறிய கறுப்புக் கயிறு.

"அரணாக்கயிறு இருக்குதுங்க சாமி."

அவர் கத்திரிக்கோலை எடுக்கவில்லை. "வேண்டாம்பா. ஆம்பளை செத்தாத்தானே அதை அறுப்பாங்க? உன் வீட்டுல கேட்டா நான் என்ன சொல்றது?"

"எருது செத்துட்டா அவ என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியுமுங்க. அறுங்க சாமி."

நறுக்கென்று சத்தம் கேட்டது. "சாமி, நான் இருக்கறனுங்களா?" என்று கேட்டேன். டாக்டர் அதற்குள் கட்டத் தொடங்கியிருந்தார். மூன்று சுற்று, இரண்டு முடிச்சு. கயிறு கவ்விக்கொண்டது. ட்யூபை உள்ளே தள்ளி டயரை மூடினோம்.

காற்றடிப்பது என் வேலை. ஒரு கையால் வேட்டியோடு கோவணத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பம்பை அழுத்தினேன்.

"ஏனுங்க சாமி, இங்க காத்து நிக்க மாட்டேங்குது. அங்க எருது வயித்துக் காத்து போக மாட்டேங்குது. ரெண்டுத்துக்கும் நடுவுல ஒரு கொழாய் உட்டா நல்லாருக்குமுங்களே?"

"வாயிலேருந்து போற காத்தையும் பம்புல விடுப்பா."

டயர் நிமிர்ந்தது. காதை வைத்துக் கேட்டேன். சத்தமில்லை. ஏறி உட்கார்ந்தோம். வண்டி நகர்ந்ததும் எனக்கு அடுத்த பயம் வந்தது. முள் தடம் காடு வரைக்கும் போகிறதே!

"சாமி, வலது ஓரமாவே போங்க."

"ஏன்?"

"எடது பக்கம் பூராவும் முள்ளு கெடக்குமுங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு யோசனைதானுங்க."

டாக்டர் வலது ஓரத்துக்குப் போனார்.

எருது நின்றுகொண்டுதான் இருந்தது. நாக்கு வெளியே தொங்க, கால்களை அகட்டி, விழுந்துவிடக் கூடாது என்று நின்றது. என் மனைவி டாக்டரைக் கும்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்க எதுக்கு இடுப்பைப் புடிச்சுட்டு நிக்கறீங்க? உங்களுக்கும் வயித்து வலிங்களா?"

"அப்பறஞ் சொல்றன். மூக்கணாங்கயித்தைப் புடி."

டாக்டர் எருதின் இடது விலாவுக்குப் பின்னால் விரலால் அளந்து, குழாய் மாட்டிய ஒரு தடித்த ஊசியை ஒரே குத்தாகக் குத்தினார். ஊசியை உருவிக் குழாயை மட்டும் விட்டார். உஸ்ஸென்று காற்று கிளம்பியது. பக்கத்துக்காரர் தட்டைப்பயிர் முழுவதும் புளித்த வாசனையோடு வெளியே வந்தது. வயிறு மெல்ல இறங்கியது. கொஞ்சநேரத்தில் எருது காதை ஆட்டி ஈயை விரட்டியது. என் மனைவி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்திருப்பேன், பிடித்த கையை விட முடியவில்லை.

டாக்டர் கை கழுவும்போதுதான் வேலிப் பக்கம் பார்த்தார். சந்துக்குப் பக்கத்தில் வெள்வேல முள் கட்டு அவிழ்க்காமல் கிடந்தது. ரோட்டிலிருந்து சீப்புத் தடம் நேராக அதனிடம் வந்து நின்றது.

"நல்ல முள்ளுப்பா" என்றார். "வேலியில போட்டா இன்னும் நல்லா இருக்கும்."

டயரில் காற்று கொஞ்சம் இறங்கியிருந்தது. அவர் கேட்காமலே அடித்துக் கொடுத்தேன். கிளம்பும்போது, நான் சொல்லாமலே முள் இல்லாத ஓரமாகப் போனார்.

அன்று சாயங்காலம் என் மனைவி புதுக் கயிறு வாங்கிவரச் செய்து, திட்டிக்கொண்டே இரண்டு முடிச்சு அதிகமாகப் போட்டுக் கட்டினாள். வேலிச் சந்தில் முள்ளும் போட்டேன், சாப்பிடுவதற்கு முன்னால்.

மறுநாள் விடிந்ததும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு ரோட்டில் குந்தி முள் பொறுக்க ஆரம்பித்தேன். ஏரிக்கரை வரைக்கும் பொறுக்க வேண்டும். பாதி தூரத்தில், தட்டைப்பயிர்க் காட்டுக்காரர் எதிரே வந்தார்.

"என்னங் மாப்ள, ரோட்டுல களையெடுக்கறீங்களா?"

"ஆமாங் மாமா. நேத்து நான் வெதச்சதுதானுங்க."

அவர் சிரிக்கவில்லை. என்மேல் கையை ஊன்றி, ஒற்றைக் காலில் நின்று, செருப்பில் ஏறியிருந்த ஒரு முள்ளைப் பிடுங்கி என் கூடையில் போட்டுவிட்டுப் போனார்.