மாட்டு மருவும் குதிரைக் கட்டியும்

பனியன் கம்பெனியை விட்டு ஓடி, தாராபுரத்தில் ஒரு குதிரை வண்டிக்காரரிடம் சேர்ந்தேன். மினிபஸ் வந்த பிறகும் அந்த ஒரே குதிரைதான் அவருக்குப் பிழைப்பு.

வீட்டில் ஒரு மாடும் இருந்தது. அதன் மருக்களில் குதிரைவால் முடியை இறுக்கிக் கட்டி உதிர வைப்பார். கசியும் ரத்தத்தைப் பனியன் கம்பெனி வேஸ்ட் துணியால் துடைப்பார். குதிரையின் தோளில் வண்டி பூட்டும் வார் உரசிய புண்ணுக்கும் அதே துணிதான். புண்ணில் கட்டி முளைத்தது. அவரே அறுத்தார், இன்னும் பெரிதாக வளர்ந்தது.

கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு, "மாட்டு மருவுல இருக்கற வைரஸ்தானுங்க இதுக்குக் காரணம்" என்றார்.

"ஏனுங்க, மாட்டுச் சீக்கு குதிரைக்கு வருமுங்களா?" என்று வண்டிக்காரர் சிரித்தார்.

"எந்தத் துணியிலங்க புண்ணைத் தொடைச்சீங்க?"

சிரிப்பு நின்றது. மாட்டின் தோல் மருவே இல்லாமல் பளபளத்தது. பக்கத்தில் நின்ற குதிரைக்குக் கட்டி மூடிய தோளில் வார் பூட்ட இடமில்லை.