கேள்வி கேட்காத ஷீஜா அக்கா

ஷீஜா அக்காவுக்கு என்ன வேலை என்று எங்கள் தெருவில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. பிள்ளைகளுக்குப் படிப்பும் மனசும் எங்கே முட்டிக்கொண்டு நிற்கின்றன என்று பார்க்கிறவள். கல்வி உளவியலாளர் என்று பள்ளிக்கூடத்தில் அவள் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறது. எங்கள் ஆட்கள் அதைச் சுருக்கி மனசு டாக்டர் ஆக்கிவிட்டார்கள். பிள்ளையைக் கூட்டிவரும் அம்மாமார்கள் கிளம்பும்போது கையை நீட்டி, "எனக்கும் பிரஷர் பாத்துருங்க" என்பார்கள். "அது என் வேல இல்லக்கா" என்பாள் அவள். படிப்பு பாதியில் நின்றுவிட்டது போல என்று பரிதாபப்பட்டுக்கொண்டே போவார்கள்.

செவ்வாயும் வெள்ளியும் நாசரேத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். பையில் தாயக்கட்டம் வரைந்த துணி, ஒரு டப்பா சோழி, பஸ் ஸ்டாண்டில் வாங்கிய மக்ரூன் பொட்டலம். மக்ரூன் பிள்ளைகளுக்காம். பள்ளிக்கூடம் வந்து சேரும்போது பாதிதான் இருக்கும். வழியில் எந்தப் பிள்ளை தின்றது என்று இதுவரை யாரும் விசாரித்ததில்லை.

என் தங்கச்சி அனிஷா மூன்றாம் வகுப்பு. வீட்டில் அவள் வாய் மோட்டார் வைத்த வள்ளம். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் சத்தமே வராது. சேர்ந்த நாளிலிருந்து அங்கே ஒருவரும் அவள் குரலைக் கேட்டதில்லை. தலைமையாசிரியை செல்லக்கனி டீச்சருக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. "பரீட்சைக்குள்ள இவ வாயத் தெறக்கலன்னா, பேச்சு வராத பிள்ளைகளுக்குன்னு இருக்க ஹாஸ்டல் ஸ்கூல்ல சேத்துரு, ஆக்னஸ்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அன்றைக்கு அம்மா வைத்த மீன்குழம்பில் உப்பே இல்லை. நானும் அப்படியே தின்று முடித்தேன்.

ஷீஜா அக்கா ஹாஸ்டல் வேண்டாம் என்றாள். "பேச்சு இருக்கு. இங்கன வந்தா பயம் வந்து தொண்டையப் பிடிச்சுக்கிடுது. இனி யாரும் அவகிட்ட ஒரு கேள்வியும் கேக்கக்கூடாது."

எங்கள் ஊரில் இதைவிடக் கஷ்டமான வைத்தியம் கிடையாது. எங்கே போறே, என்ன மீனு, ஏன் இளைச்சிட்டே என்று கேட்காமல் ஒருவரை ஒருவர் தாண்டிப்போனால் சண்டை என்று அர்த்தம்.

பள்ளிக்கூடம் விட்டபின் காலி வகுப்பறையில் அம்மாவும் அனிஷாவும் கதவைச் சாத்திக்கொண்டு தாயம் ஆட வேண்டும். அக்கா வராந்தாவில் இருப்பாள். பிறகு கதவு கொஞ்சம் திறக்கும். அதற்கும் பிறகு, அக்கா வாசலில் முதுகைக் காட்டி உட்காருவாள். இப்படியே நகர்ந்து நகர்ந்து ஒருநாள் அனிஷா அந்த அறைக்குள் வைத்து அம்மா காதில் "தாயம்" என்று கிசுகிசுத்தாள்.

அம்மா அதோடு விட்டாளா? பிள்ளை பள்ளிக்கூடத்தில் பேசினால் தெருவுக்கே அசனச் சோறு போடுவதாக அந்தோணியாரிடம் நேர்ந்திருந்தாள். கிசுகிசுத்தாலும் பேச்சுதானே! அடுத்த செவ்வாயே கோயில் முற்றத்தில் அண்டா ஏறிவிட்டது. சாப்பிட வந்தவர்கள் சும்மா போவார்களா? "ஏளா அனிஷா, ஒத்த வார்த்த பேசுளா, கேப்போம்" என்று ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். சாம்பார் வாளியைத் தூக்கி வந்தவர்கூட வாளியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார். அன்றிலிருந்து அனிஷா தெருவிலும் வாயை மூடிக்கொண்டாள்.

அம்மா அழுதாள். மனசு டாக்டர் எப்படித் திட்டுவாள் என்று பார்க்க நான் பக்கத்திலேயே நின்றேன்.

"சோறு நல்லாருந்துச்சுக்கா. திரும்ப மொதல்லருந்து போவோம்" என்றாள் அவள். பிறகு, "வீட்டுல இவ யார்கூட ரொம்பச் சண்ட போடுவா?"

அம்மா என்னைக் காட்டினாள்.

"ஏலே தம்பி, வெள்ளிக்கிழம நீ வா."

"என்னைய உள்ள விடமாட்டாவ, அக்கா. ஒம்பதாவதுல ஸ்கூல் மணியோட நாக்கக் கழட்டுனது நாந்தான்."

"டீச்சர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன். நல்ல பிள்ளையா மட்டும் நடிச்சிராத."

அப்படி ஒரு நிபந்தனையை அந்தக் கட்டடத்துக்குள் நான் கேட்டதே இல்லை.

நான் வரத் தொடங்கியும் அனிஷா விரலால் காயைத் தள்ளினாளே தவிர, ஒரு சொல் உதிர்க்கவில்லை. பரீட்சைக்கு முந்தின கடைசி வெள்ளி, அக்கா செல்லக்கனி டீச்சரையும் கூட்டிவந்து, எங்களுக்கு முதுகு காட்டிய நாற்காலியில் நோட்டுத் திருத்த உட்காரவைத்தாள். துணியைச் சுற்றி அனிஷா, நான், அக்கா என்று மூன்று பேர். அக்காவுக்குத் தாயமே விழவில்லை. கட்டத்துக்குள் நுழையாமல் வெளியிலேயே இருந்தாள். அவள் பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுக்கிறாள் என்று டீச்சர்மார் சொல்வார்கள். இல்லை, அவளுக்கு நிஜமாகவே ஆடத் தெரியாது.

அனிஷாவின் காய் நடுக்கட்டம் போய்ப் பழமாக இரண்டு கட்டம்தான் பாக்கி. எனக்கு நாலு விழுந்தது. ஐந்து வைத்து அவள் காயை வெட்டினேன்.

அவள் என்னைப் பார்த்தாள், டீச்சரின் முதுகைப் பார்த்தாள். நான் மெல்லச் சீட்டியடித்தபடி வெட்டின காயை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன்.

"களவாணிப் பயலே! நாலுதாம்லே விழுந்துச்சு! எண்ணக்கூடத் தெரியல, அதான் ஒன்ன ஸ்கூல விட்டு வெரட்டிட்டாவ!"

டீச்சரின் சிவப்புப் பேனா நின்றது. தோள் திரும்பப் பார்த்தது. அதற்குள் ஷீஜா அக்காவின் கால் நீண்டு அவர் செருப்பை அழுத்தியது. முகம் மட்டும் கட்டத்தைவிட்டு நிமிரவில்லை.

"தம்பி, காய எடுத்த எடத்துல வையி. அனிஷா, ஒன் ஆட்டம்."

சோழி உருண்டது. கொஞ்ச நேரம் கழித்து, டீச்சர் நோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அவன் அப்பவும் இப்படித்தான்."

"ஆமா, டீச்சர்" என்றாள் அனிஷா.

டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். பின்னாலேயே போன அக்காவிடம், "ஹாஸ்டல் பேச்ச விட்ருவோம்" என்று அவர் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

கிளம்பும்போது அக்கா என்னை ஓரமாக அழைத்தாள். "அம்மாட்ட மெதுவாச் சொல்லு. திரும்ப அண்டா ஏறிரப் போவுது." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏலே, வேணும்னேதான அஞ்சு வச்ச?"

"கேள்வி கேக்கக்கூடாதுன்னு நீங்கதானக்கா சொன்னீய."

அவள் சிரித்துக்கொண்டே மக்ரூன் பொட்டலத்தை என் கையில் திணித்தாள். பிரித்துப் பார்த்தேன். தூள்தான் இருந்தது.