ஓரம் கருகாத கீரை

என் அண்ணிக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வைத்ததே நான்தான். கல்யாணமாகி வந்த முதல் மாதத்திலேயே வைத்துவிட்டேன். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். அடுப்பை அணைத்த பிறகும் குனிந்து மோந்து பார்ப்பார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அண்ணி" என்று சொல்லிச் சிரிப்பேன். அவரும் சிரிப்பார், சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை பூட்டை இழுப்பார்.

அவர் பார்க்கும் வேலையும் அப்படித்தான். சட்டை தைக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகச் செக்கர். தைத்து வரும் சட்டையை விளக்கு மேஜையில் விரித்து, காலரிலிருந்து கை நுனி வரை விரலால் தடவுவார். நூல் தொங்கினாலோ கறை தெரிந்தாலோ அந்த இடத்தில் சிவப்பு அம்பு போட்ட குட்டி ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிவிடுவார். அந்த ஸ்டிக்கர் சுருள் எப்போதும் கைப்பையில் கிடக்கும். ஆடுகிற நாற்காலிக் கால், கசிகிற குழாய் என்று வீட்டிலும் அங்கங்கே சிவப்பு அம்பு தெரியும்.

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாமல் போன பிறகு அண்ணியின் பயத்துக்குப் பொட்டாசியம் என்று பெயர் வந்தது. அண்ணன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். இப்போது திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். நடுவில் சாப்பாட்டோடு போகும் பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் ரத்தத்திலேயே ஏறும். அளவு மீறினால் முன்னறிவிப்பே இல்லாமல் இதயம் நின்றுவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே இரண்டு முழு நாள் இடைவெளி. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் அண்ணன் கண்ணயர்ந்தால், அண்ணி சத்தமில்லாமல் போய் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்ப்பார். "இன்னும் இருக்கேன், போ" என்பார் அண்ணன், கண்ணைத் திறக்காமல்.

அண்ணன் பச்சைக் கீரைக்கு உயிரையே விடுவார். அதையும் நிறுத்தச் சொன்னதும் மனிதர் தட்டைத் தள்ளிவைக்க ஆரம்பித்தார். அதற்காகத்தான் அண்ணி அந்தப் பெட்டியை வாங்கினார்.

சமையல் மேடையில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி. மண் கிடையாது. மூடியில் ஆறு ஓட்டை, ஓட்டைக்கு ஒரு லெட்டூஸ் கீரைச் செடி, வேர் தண்ணீருக்குள் தொங்கும். மேலே ஊதா விளக்கு. செடிக்கு வேண்டிய சத்தைப் பாட்டிலிலிருந்து தண்ணீரில் கலக்க வேண்டும். அப்போது எனக்குத் தெரியாத ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று வாரம்தான் அண்ணி முழுச் சத்து கொடுப்பார். பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பொட்டாசியம் இல்லாத கலவையை ஊற்றுவார். செடி இருப்பதை வைத்துக் காலம் தள்ளும். அடி இலைகளின் ஓரம் மஞ்சளாகி, அப்புறம் தீயில் காட்டிய காகிதம் போலப் பழுப்பாகும். இலையில் பொட்டாசியம் குறைந்துவிட்டதற்கு அடையாளமான அந்தப் பழுப்பைக் கண்ட பிறகுதான் பறிப்பார். முதல் விளைச்சலைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி, வந்த எண்ணை உணவு ஆலோசகரிடம் காட்டி, கலவையை மாற்றாதவரை நாளைக்கு நாலு இலை என்று அனுமதி வாங்கியிருந்தார். இலை கருகினால் ஊரே பதறும்; அண்ணிக்குக் கருகாவிட்டால்தான் பதற்றம்.

எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடித்த பத்து நாளும் நான் அங்கே தங்கியிருந்தேன். எனக்குக் கைராசி என்று ஒரு திமிர் உண்டு. என் பால்கனியில் காய்ந்த குச்சியை நட்டாலும் துளிர்க்கும். போன அன்றே அண்ணி சொன்னார்: "எல்லாத்தையும் நீ பாத்துக்கோ. அந்தப் பெட்டிய மட்டும் நான் பாத்துக்கறேன், தொடாத."

ஏன் என்று நான் கேட்கவில்லை. சொன்னால் கேலி செய்வேன் என்று அவரும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை விளக்கு அணைந்திருந்த நேரத்தில் அந்தச் செடிகளைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. தொங்குகிற ஒரு நூலுக்காகச் சட்டையை ஒதுக்குகிற பெண், கட்டின புருஷனுக்குப் போடுவது ஓரம் கருகின கீரையா? அலமாரியில் பின்னால் இருந்த பாட்டிலில் 'முழுச் சத்து' என்று எழுதியிருந்தது. இரண்டு மூடி ஊற்றினேன். போதாதென்று மறுநாள் இன்னும் இரண்டு. கருகின ஓரங்களைக் கத்தரிக்கோலால் அழகாக நறுக்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணியை அசத்த வேண்டும் என்று திட்டம்.

அது அவருக்குச் சரக்கு அனுப்பும் வாரம். விடிவதற்குள் கிளம்பி, சோர்ந்து திரும்புவார். ஊதா வெளிச்சத்தில் இலையெல்லாம் ஒரே கருப்பாகத்தான் தெரியும். விளக்கை அணைத்து ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்ப்பதுதான் அவர் வழக்கம். அந்த வாரம் அதற்குத் தெம்பில்லை. வெள்ளிக்கிழமை செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "கீரை ஓரம் பழுப்பா இருக்கா?"

"அப்படியேதான் இருக்கு அண்ணி" என்றேன். பொய்.

"சரி, நாளைலேர்ந்து அவருக்குப் பறிச்சு வை. நாலே நாலு இலை."

நான் கிண்ணம் நிறைய வைத்தேன். சனிக்கிழமையும் வைத்தேன், ஞாயிறு மத்தியானமும் வைத்தேன். "இன்னிக்குத்தான்டி கீரை கீரை மாதிரி இருக்கு" என்று அண்ணன் விரலைக்கூட நக்கினார்.

அவர் சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்த பிறகுதான் அண்ணி குளித்து முடித்துச் சமையலறைக்கு வந்தார். விளக்கை அணைத்தார். ஒரு இலையைக் கிள்ளி ஜன்னலோரம் பிடித்தார். கரும்பச்சை, நிமிர்ந்த இலை. நான் பாராட்டுக்காகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"இது ஏன் இவ்ளோ நல்லா இருக்கு?"

"எல்லாம் என் கைராசி அண்ணி. சத்தில்லாம செத்துக்கிட்டிருந்துச்சு. பின்னாடி இருந்த பாட்டில்லேர்ந்து ஊத்தினேன்."

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை."

"அவர் சாப்பிட்டாரா?"

"நேத்தும் இன்னிக்கும். கிண்ணம் நிறைய…"

அண்ணி நேராகக் கூடத்துக்கு ஓடி, அண்ணனின் மூக்கருகே கையை வைத்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். என்ன தப்பு என்று அப்போதும் எனக்குத் தெரியாது.

"எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"நாளைக்குத்தானே?"

"இல்ல. இப்பவே."

டாக்சியின் பின் சீட்டில், என் காதோடு, அண்ணி எல்லாவற்றையும் சொன்னார். முன் சீட்டில் அண்ணன் பழக்க தோஷத்தில் டிரைவருக்கு, "கியரை மாத்துங்க தம்பி, வண்டி அழுவுது" என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவர் பேச்சு நின்ற ஒவ்வொரு தடவையும் எனக்கு மூச்சு நின்றது. அதனால் வாய்க்கு வந்ததையெல்லாம் அவரிடம் கேட்டுக்கொண்டே வந்தேன்: முதலில் ஓட்டின கார் எது, மோசமாக ஓட்டின மாணவன் யார்.

"வாயாடி, இன்னிக்கு என்ன திடீர்னு பாசம் பொங்குது?" என்றார். அடுத்த கேள்விக்குத் தாவினேன்.

ரத்தத்தில் பொட்டாசியம் ஆறு புள்ளி ஏழு; ஐந்தரையே அதிகம். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி எடுத்த காகிதத்தைப் பார்த்த டாக்டர் உட்காரவே இல்லை. உடனே டயாலிசிஸுக்கு ஏற்பாடு செய்தார். "கீரையால மட்டும்தானான்னு உறுதியா சொல்ல முடியாது. ஆனா இன்னும் லேட்டா வந்திருந்தா சிக்கல்தான்" என்றார். அதில் முதல் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

நாலு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் இருவரும் எழுந்து எழுந்து உட்கார்ந்தோம். அண்ணி என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "லைட்டை அணைக்க ஒரு நொடி ஆகும். அஞ்சு நாள் நான் அணைக்கல."

"நான்தான் பொய் சொன்னேன். திட்டுங்க அண்ணி."

"இப்போ பயப்படத்தான் தெம்பு இருக்கு" என்றார்.

கடைசியில் சக்கர நாற்காலியில் அண்ணன் வெளியே வந்தார். "பசிக்குது" என்றார். அண்ணி அங்கேயே, அத்தனை பேர் முன்னால், அழுதுவிட்டார்.

மறுநாள் பெட்டியைக் கொட்டிக் கழுவி, புதிதாக விதை போட்டார். இனி அந்த வீட்டுப் பக்கம் எனக்கு அழைப்பு வராது என்றுதான் நினைத்தேன். ஆறாவது வாரம் போன் வந்தது. "வா. இந்தத் தடவை நீதான் பாக்கணும்."

போனதும் ஸ்டிக்கர் சுருளை என் கையில் கொடுத்தார். விளக்கை அணைத்தேன். ஒவ்வொரு செடியாக ஜன்னலோரம் தூக்கிப் பார்த்தேன். ஐந்து செடிகளில் அடி இலை ஓரமெல்லாம் நன்றாகக் கருகியிருந்தது. ஆறாவது செடி மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. ஏன் என்று தெரியவில்லை. முன்பென்றால் போட்டோ எடுத்திருப்பேன். அதன்மேல் சிவப்பு அம்பை ஒட்டி ஒதுக்கினேன்.

"அது நல்லாத்தானே இருக்கு?" என்றார் அண்ணன், வாசற்படியில் நின்று.

"அது வேண்டாம்ண்ணா."

"சரிதான். ரெண்டு பயந்தாங்கொள்ளிங்ககிட்ட மாட்டிக்கிட்டேன்."

எண்ணி நாலு இலை வைத்தோம். கருகின ஓரத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டுச் சாப்பிட்டார். பிறகு சோபாவில் சாய்ந்து கண்ணை மூடினார். அண்ணி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் கொஞ்ச நேரம் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுந்து போய் அவர் மூக்கருகே புறங்கையை வைத்தேன்.

"இன்னும் இருக்கேன், போ" என்றார், கண்ணைத் திறக்காமல்.

நான் கையை எடுக்கவில்லை.